இரத்தம் சரியாகிவிட்டது என்று மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் சுங்கை சிப்புட்டில் ஒரு மண்டபத்தில் நடந்த கூட்டத்துக்குப் போயிருந்தேன். உயிரணுக்களுக்குப் பலம் கொடுக்கும் சொட்டு மருந்து பற்றிய விளக்கக் கூட்டம். அறுபது பேர் இருப்பார்கள். அவர்களில் பத்துப் பேராவது தோட்டத் தமிழ்ப்பள்ளியில் என்னிடம் படித்தவர்கள், இப்போது பேரப்பிள்ளை எடுத்தவர்கள். பேச வந்தவர் நல்ல தமிழில், நிதானமாகப் பேசினார். புற்றுநோய் என்றால் உயிரணுக்கள் பலவீனப்பட்டுப் போவதாம். அவற்றைப் பலப்படுத்தினால் நோய் தானாகப் போய்விடுமாம். மருத்துவமனை மாத்திரையை மூன்று மாதம் ஓரமாக வைத்துவிட்டு இதைக் குடித்துப் பாருங்கள் என்றார். நான் எழுந்து நின்று கேள்வி கேட்டேன். கடைசியில் கேளுங்கள் அம்மா என்று உட்கார வைத்தார்கள். கடைசியில் எல்லாரும் மேசையைச் சுற்றி வாங்க நின்றுவிட்டார்கள், எனக்குக் கேட்க வாய்ப்பு வரவில்லை. அங்கே சொல்ல முடியாததை உங்கள் பத்திரிகையில் சொல்ல இடம் தர வேண்டும்.

நான் ஏன் இவ்வளவு பதறுகிறேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் தம்பி செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறவன். 2014-இல் அவனுக்கு 46 வயது. இடப்பக்க விலாவுக்குக் கீழே கல் வைத்ததுபோல் கனக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தான். இரண்டு வாய் சோறு உண்டதும் வயிறு நிறைந்துவிடும். இரவில் பனியனைப் பிழியலாம், அவ்வளவு வியர்வை. காற்று, வாயு என்று பூண்டு வதக்கிக் கொடுத்தோம். கிளினிக்கில் இரத்தம் எடுத்துப் பார்த்தபோது, 11,000-க்குள் இருக்க வேண்டிய வெள்ளை அணுக்கள் இரண்டு லட்சத்தைத் தாண்டி இருந்தன. அன்றைக்கே பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். எலும்பு மஜ்ஜையில் ஊசி போட்டு எடுத்துப் பார்த்து, நாள்பட்ட மையலாய்டு லுகேமியா என்றார்கள். சி.எம்.எல். என்று சுருக்கமாகச் சொல்கிற இரத்தப் புற்றுநோய்.

நாங்கள் எல்லாரும் அவன் போய்விட்டான் என்றே அழுதோம். ஆனால் கொடுத்தது ஒரே ஒரு மாத்திரை. இமாதினிப், 400 மில்லிகிராம். காலையில் பசியாறியதும் பெரிய கிளாஸ் நிறையத் தண்ணீரோடு விழுங்க வேண்டும். முடி கொட்டவில்லை, படுக்கையில் விழவில்லை. இரண்டு மாதத்தில் வயிற்றுக் கனம் குறைந்தது. வெள்ளை அணுக்கள் வழக்கமான எண்ணிக்கைக்கு இறங்கின. அவன் மறுபடியும் லோரி ஏறினான். நாலரை ஆண்டு இப்படியே ஓடியது.

அப்புறம் நடந்ததை எழுதக் கை கூசுகிறது. அந்த மாத்திரையால் அவனுக்குக் கண்ணைச் சுற்றி வீங்கும். காலில் சதை பிடித்துக்கொள்ளும். பிரேக்கை மிதிக்கும் நேரத்தில் கெண்டைக்கால் இழுத்துக்கொண்டால் லோரியில் என்ன ஆகும்? அவன் பயந்தான். அந்த நேரத்தில்தான் ஒருவர் இதேபோன்ற ஒரு சொட்டு மருந்தைக் கொண்டுவந்தார். ஒரு புட்டி 180 வெள்ளி (ரிங்கிட்), மாதம் மூன்று புட்டி. 'இரத்தம் சரியாகத்தானே இருக்கிறது, கொஞ்ச நாள் நிறுத்திப் பார்' என்று அவனிடம் சொன்னதும் நான்தான், முதல் மாதப் பணத்தைக் கொடுத்ததும் நான்தான். பள்ளிக்கூடத்தில் அறிவியல் சொல்லிக் கொடுத்தவள் நான்.

ஐந்து மாதம் கழித்து, நோயின் மிச்சத்தை அளக்கிற நுணுக்கமான இரத்தப் பரிசோதனையில் பார்த்தபோது, 0.02 விழுக்காட்டில் இருந்த அவனுடைய நோய் அளவு 14 விழுக்காட்டுக்கு ஏறியிருந்தது. அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு டாக்டர் கேட்ட ஒரே கேள்வி, 'ஏன் என்னிடம் சொல்லவில்லை?'

அதற்குப் பிறகுதான் நான் இந்த நோயைப் படிக்க ஆரம்பித்தேன். மருந்தகப் படிப்பு முடித்த என் பழைய மாணவி ஒருத்தி மூன்று மாலை என் வீட்டு அஞ்சடியில் உட்கார்ந்து விளக்கினாள். நான் குறிப்பெடுத்தேன். அதை என் சொல்லில் தருகிறேன்.

எங்கள் அப்பா பால் மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தில் பால் எடுத்தவர். பிப்ரவரி, மார்ச் வந்தால் மரம் இலை உதிர்க்கும். ரப்பர் மரங்கள் நிற்கும் தீம்பாரில் நடந்தால் காலுக்கடியில் மொரமொரவென்று சத்தம் கேட்கும். புயற்காற்று பிய்த்துப் போட்ட இலைக்கும் அந்த நாளில் உதிர்ந்த இலைக்கும் வித்தியாசம் அப்பாவுக்குத் தெரியும். காற்று பிய்த்தது பச்சையாக, காம்பு கிழிந்து கிடக்கும். தானாக உதிர்ந்தது பழுத்து, காம்படி வெட்டி எடுத்ததுபோல் சுத்தமாக இருக்கும். ஏனென்றால் மரம் இலையில் இருந்த சத்தை முதலில் திரும்ப எடுத்துக்கொண்டு, காம்படியில் ஒரு மெல்லிய அடுக்கைத் தளர்த்திவிட்ட பிறகே இலையை விடுகிறது. இலை நன்றாக இருக்கும் வரை ஆக்சின் என்கிற பொருளைத் தண்டுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். 'நான் இருக்கிறேன், பிடித்துக்கொள்' என்பதுபோல. அது குறைந்தால் எத்திலீன் என்ற வாயு வேலையைத் தொடங்கும், இலை விழும். (பால் கூடுதலாக வடியட்டும் என்று வெட்டுப் பட்டையில் தடவுவார்களே எத்திரல், அதிலிருந்து வெளிவருவதும் இதே எத்திலீன்தான். அப்பா அதைத் தடவிய கையோடு சாப்பிட உட்கார்ந்தால் அம்மா விடமாட்டார்.)

நம் உடம்பிலும் இப்படித்தான் நடக்கிறது. ஒரு நாளில் 5,000 கோடிக்கும் மேற்பட்ட உயிரணுக்கள் நமக்குள் தாமாகவே உதிர்கின்றன என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அந்த உயிரணு வெடித்துச் சிதறுவதில்லை. சுருங்கி, தன்னைத் தானே சின்னப் பொட்டலங்களாகக் கட்டிக்கொள்ளும். பக்கத்து உயிரணுக்கள் அதை விழுங்கிவிடும். வீக்கமும் இல்லை, வலியும் இல்லை. 1972-இல் கெர், வைலி, கரி என்ற மூன்று பேர் இதைப் பற்றி எழுதியபோது இதற்கு ஒரு பெயர் வேண்டியிருந்தது. அபர்டீன் பல்கலைக்கழகத்தின் கிரேக்கமொழிப் பேராசிரியர் ஒருவர் எடுத்துக் கொடுத்த சொல் அப்பொப்டோசிஸ். மரத்திலிருந்து இலை உதிர்வதற்கும் பூவிலிருந்து இதழ் உதிர்வதற்கும் கிரேக்கர்கள் வைத்திருந்த பெயர். அதைக் கேட்டதும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. மரத்தடியில் வளர்ந்த பிள்ளைகளுக்கு இதை ஒரு நிமிடத்தில் புரியவைத்துவிடலாம், யாரும் எங்களிடம் இந்த வழியில் சொல்லவே இல்லை.

சரி, உதிராமல் இருக்கிற உயிரணு எப்படி இருக்கிறது? அதற்கு வெளியிலிருந்து 'இரு, நீ வேண்டும்' என்ற சமிக்ஞை வந்துகொண்டே இருக்க வேண்டும். பக்கத்து உயிரணுக்கள் புரதங்களாக அதை அனுப்புகின்றன. இந்த உயிரணுவின் மேல் இருக்கிற ஏற்பி அதைப் பிடித்து உள்ளே கை மாற்றிக் கை மாற்றி அனுப்புகிறது. உள்ளே சாவுக்கான கருவிகள் எப்போதும் தயாராக இருக்கின்றன, அந்தச் சமிக்ஞைதான் அவற்றைத் தடுத்து வைத்திருக்கிறது. குரல் நின்றால் உயிரணு தன்னைத் தானே முடித்துக்கொள்ளும். லயத்து வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இதுவும் புரியும். இரண்டு நாள் சத்தம் இல்லையென்றால் பக்கத்து வீட்டார் வந்து கதவைத் தட்டுவார்கள். தட்ட ஆள் இல்லாத வீட்டில் மனிதன் எத்தனை நாள் தாங்குவான்?

புற்றுநோய் என்றால் உயிரணு வேகமாகப் பெருகுவது என்றுதான் நானே பல காலம் நினைத்திருந்தேன். உதிர வேண்டியது உதிராமல் நின்றுவிடுவதும் அதே அளவு காரணம். 1988-இல் மெல்பர்னில் டேவிட் வோவும் கூட இருந்தவர்களும் பி.சி.எல்.-2 என்ற மரபணுவைச் சோதித்துப் பார்த்தார்கள். ஒருவகை நிணநீர்ப் புற்றுநோயில் அது மிகுந்து கிடப்பது முன்பே தெரியும். அது உயிரணுவைப் பெருகச் செய்யவில்லை, சாகாமல் காப்பாற்றி வைக்கிறது என்பதை அவர்கள் கண்டார்கள். அந்த மரபணு உண்டாக்கும் புரதத்தை அடக்கும் வெனெட்டோகிளாக்ஸ் என்ற மாத்திரைக்கு அமெரிக்காவில் 2016-இல் அனுமதி கிடைத்தது. கண்டுபிடிப்புக்கும் மாத்திரைக்கும் நடுவில் 28 ஆண்டு.

இப்போது என் தம்பியின் நோய்க்கு வருகிறேன். நம் 9-ஆம் குரோமோசோமிலும் 22-ஆம் குரோமோசோமிலும் ஒவ்வொரு துண்டு உடைந்து இடம் மாறி ஒட்டிக்கொள்வதால் வருவது இது. பெற்றோரிடமிருந்து வந்ததில்லை, பிள்ளைகளுக்கும் போகாது. குட்டையாகிப் போன அந்த 22-ஆம் குரோமோசோமை 1960-இல் பிலடெல்பியா நகரில் நோவலும் ஹங்கர்போர்டும் கண்டார்கள். இரண்டும் துண்டு மாற்றிக்கொண்டதால் வந்தது அது என்று 1973-இல் கண்டுபிடித்தவர் ஜேனட் ரவுலி என்ற அம்மையார். ஒட்டிய இடத்தில் பி.சி.ஆர்.-ஏ.பி.எல். என்று ஒரு புதுப் புரதம் உருவாகிறது. அது அணைக்க முடியாத சுவிட்ச். வெளியிலிருந்து யாரும் 'இரு' என்று சொல்லாமலேயே, உள்ளேயிருந்து இராப்பகலாக 'இரு, பெருகு, சாகாதே' என்று சொல்லிக்கொண்டே இருக்கிறது.

அந்தப் புரதத்தில் ஒரு சின்னக் குழி உண்டு. ஏ.டி.பி. என்ற ஆற்றல் பொருள் வந்து அதில் உட்கார்ந்தால்தான் சமிக்ஞை கிளம்பும். இமாதினிப் அந்தக் குழியில் போய் உட்கார்ந்துகொள்கிறது. குரல் அடங்குகிறது. அந்த ஒரே குரலை நம்பியே உயிர் பிழைத்துக்கொண்டிருந்த நோய் அணுக்கள், பழுத்த இலைபோல் உதிர்ந்துவிடுகின்றன. அமெரிக்காவில் பிரையன் டிரக்கர் நடத்திய முதல் சோதனையில் போதுமான அளவு மாத்திரை எடுத்த 54 பேரில் 53 பேருக்கு இரத்த அணுக்கள் சீராயின. 2001 மே மாதம் அனுமதி. தொடக்கத்திலிருந்து இமாதினிப் எடுத்தவர்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வில், பத்து ஆண்டுக்குப் பிறகும் நூற்றுக்கு 83 பேர் உயிரோடு இருந்தார்கள். இந்த மருந்தின் புது வடிவத்துக்குக் காப்புரிமை தர முடியாது என்று 2006-இல் முதலில் மறுத்தது சென்னைக் காப்புரிமை அலுவலகம். 2013 ஏப்ரல் 1-ஆம் தேதி இந்திய உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. விலை குறைந்த மாத்திரை ஏழைகளுக்குக் கிடைக்க அந்தத் தீர்ப்பு எவ்வளவு உதவியது என்பதைப் பற்றி யாராவது உங்கள் பத்திரிகையில் விரிவாக எழுத வேண்டும்.

இனி, நான் இந்தக் கடிதம் எழுதுவதற்கே காரணமான விஷயம். மாத்திரை குழியில் உட்கார்ந்திருக்கும் வரைதான் குரல் அடங்கும். ஒரு நாள் மாத்திரையின் வேலை ஏறக்குறைய ஒரு நாளுக்குத்தான். எலும்பு மஜ்ஜைக்குள் தூங்குகிற தாய் அணுக்கள் சில இருக்கின்றன. அவை அந்த ஒரு குரலை மட்டும் நம்பி வாழ்கிறவை இல்லை. மற்ற அணுக்கள் உதிர்ந்தாலும் அவை மிஞ்சி நிற்கும். மாத்திரையை நிறுத்தினால் அங்கிருந்துதான் மறுபடியும் கிளம்பும். சாதாரண இரத்தப் பரிசோதனையில் எல்லாம் சரி என்று வருகிற நேரத்திலும் அவை இருக்கும். என் தம்பிக்கு நடந்தது இதுதான்.

லண்டனில் 87 நோயாளிகளின் மாத்திரைப் புட்டி மூடிக்குள் சின்ன மின்கருவி வைத்து, எத்தனை நாள் திறந்தார்கள் என்று பார்த்திருக்கிறார்கள். பத்துக்கு ஒன்று, அதாவது மாதத்துக்கு மூன்று மாத்திரையோ அதற்கு மேலோ தவறவிட்டவர்களில் ஏறக்குறைய பத்தில் மூன்று பேருக்கே நோய் ஆழமாக அடங்கியது. ஒழுங்காக எடுத்தவர்களில் ஏறக்குறைய எல்லாருக்கும் அடங்கியது. மாதத்துக்கு மூன்றே மூன்று! பொங்கலுக்கு இரண்டு நாள், தைப்பூசத்துக்கு பத்துமலை போன ஒரு நாள் என்று விட்டாலே அந்தக் கணக்கு வந்துவிடும்.

சிலர் டாக்டர் சொல்லியே மாத்திரையை நிறுத்துகிறார்கள், அதுவும் உண்மை. பிரான்சில் 100 பேரை வைத்து அதைச் சோதித்தார்கள். இரண்டு ஆண்டுக்கு மேல், மிக நுணுக்கமான பரிசோதனையிலும் நோய் தென்படாதவர்களை மட்டுமே எடுத்தார்கள், அடிக்கடி இரத்தம் பார்த்தார்கள். அப்படியும் ஏறக்குறைய பத்தில் ஆறு பேருக்கு நோய் திரும்பியது, பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள். உடனே கண்டுபிடித்ததால் மாத்திரை கொடுத்ததும் அடங்கியது. வீட்டில் நாமாக நிறுத்துவதில் அந்த உடனே கண்டுபிடிக்கிற ஆள் யார்?

உயிரணுவைப் பலப்படுத்துகிறோம் என்கிறார்களே, அவர்களிடம் நான் அன்று கேட்க நினைத்தது இதுதான். உயிரணு சாகாமல் காக்கிற சமிக்ஞையை உங்கள் மருந்து உண்மையிலேயே கூட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். புற்றணுவும் அதே சமிக்ஞையைத் திருடித்தான் உயிர் வாழ்கிறது. நல்ல அணுவை மட்டும் பலப்படுத்தி, திருடனை விட்டுவிட உங்கள் சொட்டுக்கு எப்படித் தெரியும்? பதில் இருந்தால் காட்டட்டும், சோதனைத் தாளோடு காட்டட்டும்.

எல்லாப் புற்றுநோய்க்கும் இப்படி ஒரே மாத்திரை இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். பல நோய்களில் ஒரு குரலை அடக்கினால் இன்னொரு குரல் கிளம்பும். எங்கள் வரிசையில் இரண்டு வீடு தள்ளி இருந்த அக்காவுக்கு மார்பகப் புற்றுநோய். கீமோ ஆறு முறை போட்டும் கேட்கவில்லை. அதே நோய்க்கு அதே மருந்து போட்ட இன்னொருவர் நன்றாக இருக்கிறார். 'எனக்கு மட்டும் ஏன் கேட்கவில்லை டீச்சர், போன பிறவியில் என்ன செய்தேன்?' என்று என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். அன்று எனக்குப் பதில் தெரியாது. இன்று ஓரளவு தெரியும். கீமோ மருந்துகளும் கதிர்வீச்சும் பெரும்பாலும் உயிரணுவின் மரபுப் பொருளைச் சேதப்படுத்துகின்றன. அதைப் பார்த்து 'இனி நீ இருக்கக் கூடாது' என்று முடிவெடுக்க வேண்டியது உயிரணுவுக்குள் இருக்கிற பி-53 போன்ற காவல் புரதங்கள். ஏறக்குறைய பாதிப் புற்றுநோய்களில் அந்தக் காவலே கெட்டுப் போயிருக்கிறது. காவல் கெட்டு, 'சாகாதே' என்ற குரலும் உரக்க ஒலித்தால், மருந்து அடித்த அடியை அந்த அணு தாங்கிக்கொள்ளும். அக்கா செய்த பாவம் எதுவும் இல்லை. அதை அவர் காதில் சொல்ல முடியாமல் போனதை நினைத்தால் இப்போதும் தொண்டை அடைக்கிறது.

அதனால்தான் இப்போது சில புற்றுநோய்களில் சிகிச்சைக்கு முன்பே கட்டியின் ஒரு துண்டை எடுத்து, எந்தக் குரல் ஒலிக்கிறது என்று பார்க்கிறார்கள். மார்பகத்தில் ஹெர்-2 என்ற ஏற்பி, நுரையீரலில் இ.ஜி.எஃப்.ஆர். என்ற ஏற்பி. சுருட்டே தொடாத நம் பெண்களுக்கு நுரையீரல் புற்றுநோய் வந்தால் இந்த இரண்டாவதைப் பார்த்தார்களா என்று வாய் திறந்து கேளுங்கள். அந்த வகையானால் அதற்கென்று மாத்திரை இருக்கிறது.

மருத்துவமனைகளுக்கும் ஒரு வேண்டுகோள். தாதியரும் டாக்டர்களும் ஓய்வில்லாமல் உழைப்பதை நான் கண்ணால் பார்க்கிறேன். ஆனால் என் தம்பிக்குக் கிடைத்த விளக்கம் ஐந்து நிமிடம், மலாயில். அவன் தலையை ஆட்டிவிட்டு வந்தான், புரிந்துகொண்டது பாதி. ஏன் தினமும், நிறுத்தினால் என்ன, கால் இழுத்தால் யாரிடம் சொல்வது என்று தமிழில் ஒரு பக்கத் தாள் இருந்திருந்தால் அவன் அன்று நிறுத்தியிருக்க மாட்டான், நானும் பணம் கொடுத்திருக்க மாட்டேன். கால் இழுப்புக்கு வழி இருக்கிறது, அளவை மாற்றலாம், வேறு மாத்திரைக்குப் போகலாம் என்பதெல்லாம் பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. கிரேப்ஃபுரூட் சாறு மருந்தின் அளவை இரத்தத்தில் கூட்டிவிடும் என்று மாத்திரைத் தாளில் இருக்கிறது. நம் தம்புன் பம்ளிமாஸும் அதற்கு நெருங்கிய இனம், அதையும் விடச் சொன்னார் மருந்தாளர். விருந்தாளி வந்தால் ஒரு கூடை பம்ளிமாஸ் வாங்கி வருகிற ஊர் இது! அந்தத் தாளைத் தமிழில் எழுதித் தர நான் தயார், சம்பளம் வேண்டாம். டாக்டர் ஒருவர் சரிபார்த்துக் கொடுத்தால் போதும்.

உங்கள் பத்திரிகையும் வாரம் ஒரு நாள் அரைப் பக்கம் இதற்கு ஒதுக்கலாம். ராசிபலனுக்குப் பக்கத்தில் போட்டாலும் சரி, நம் மக்கள் கட்டாயம் படிக்கிற பக்கம் அது.

தம்பிக்கு இப்போது நிலோதினிப் என்ற வேறு மாத்திரை. காலையும் இரவும், பன்னிரண்டு மணி நேர இடைவெளியில். விழுங்குவதற்கு இரண்டு மணி நேரம் முன்பும் ஒரு மணி நேரம் பின்பும் எதையும் சாப்பிடக் கூடாது. ஆறு மணிக்கு விழுங்கிவிட்டு ஏழு மணிக்குத்தான் பசியாறுகிறான், லோரிக்குப் போகும் நேரத்தையே அதற்காக மாற்றிக்கொண்டான். நோய் அளவு மறுபடியும் 0.1-க்குக் கீழே இறங்க ஒன்றரை ஆண்டுக்கு மேல் ஆனது. கடைசிப் பரிசோதனையில் 0.01.

அந்த மண்டபத்தில் அடுத்த கூட்டத்துக்கு இப்போதே பதாகை கட்டிவிட்டார்கள். போக நினைக்கிற சுங்கை சிப்புட் மக்கள் அதற்கு முன்னால் மாத்திரைப் புட்டியையும் கடைசி இரத்தப் பரிசோதனைத் தாளையும் எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வரட்டும். தாளில் என்ன எழுதியிருக்கிறது என்பதைத் தமிழில் படித்துச் சொல்கிறேன். டாக்டரிடம் கேட்க வேண்டியதை எழுதித் தருகிறேன். தனியாகப் போகத் தயங்கினால் கூடவே பேருந்து ஏறி வருகிறேன். என்னிடம் படித்தவர்களுக்கு வீடு தெரியும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை,
சுங்கை சிப்புட், பேராக்.